காற்றடிக்கும் கரையில் பூச்சிப் படம்: கையில் பிடித்தே கூர்மையாக எடுக்கும் முறை

தும்பைப் பூவுக்கு முன்னால் நீலவரித் தேனீ அந்தரத்தில் நிற்பது ஒரு விநாடி, மிஞ்சினால் ஒன்றரை. உடல் நீளம் 10 முதல் 12 மி.மீ. சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில், பூச்சி தன் நிஜ அளவிலேயே சென்சாரில் பதியும் 1:1 உருப்பெருக்கத்தில், லென்ஸின் துளையை எஃப்/11-இல் வைத்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் 0.9 மி.மீ. ஒரு நெல்மணியின் கனத்தில் பாதிகூட இல்லை. மூச்சு விட்டாலே கேமரா அதைவிட அதிகமாக முன்னும் பின்னும் போகும்.

எந்த ஊரிலும் இதுதான் கணக்கு. ராமநாதபுரம் கரையில் இதோடு இரண்டு தொல்லை கூடச் சேரும். ஒன்று, பூவை ஆட்டிக்கொண்டே இருக்கும் காற்று. இன்னொன்று, ஃப்ளாஷையும் மீறி ஃப்ரேமுக்குள் நுழையும் வெயில். கலங்கிய படத்தைப் பார்த்தவுடன் லென்ஸைக் குறை சொல்வது வழக்கம். இங்கே பத்தில் எட்டுக்குக் காரணம் போன நேரமும் உட்கார்ந்த இடமும்தான். அதனால் சாமான்களுக்கு முன் அதைப் பேசிவிடலாம்.

காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்

காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைத்த ஊர் இது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக் காற்று, பகல் முழுக்க அடிக்கும். அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண்கடல் பக்கத்துத் திறந்த மணலில், ஒரு பூக்காம்பு இரண்டு விநாடி சேர்ந்தாற்போல் நிற்காது. அக்டோபரில் மழை தொடங்கியதும் செடி தழைத்துப் பூச்சி பெருகும். மழை விட்ட மறுநாள் காலை கிடைத்தால் விடாதீர்கள். ஜனவரியில் இருந்து மார்ச் வரை விடிகாலைகள் ஓரளவு அமைதியாக இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுவே நல்ல பருவம்.

ஒரு நாளுக்குள் பார்த்தால், வெளிச்சம் வந்ததில் இருந்து எட்டரை, ஒன்பது மணி வரைதான் வேலை. அதன்பின் தரை சூடேறிக் கடற்காற்று கிளம்பிவிடும். சாயங்காலம் பொழுது இறங்கும் அரைமணியில் மறுபடி கொஞ்சம் அடங்கும்.

"விடியலில் பூச்சி குளிரில் விறைத்து அசையாமல் இருக்கும், நிதானமாக எடுக்கலாம்" என்று குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் கரையில் இரவே புழுக்கமாகக் கிடக்கிறது. அந்தரத்தில் அசையாமல் நிற்கக்கூடிய மிதக்கும் ஈக்கள் (ஹோவர்ஃப்ளை) ஆறு மணிக்கே சுறுசுறுப்பாகத் திரியும். நமக்கு விடியலின் லாபம் குளிர் அல்ல, காற்றின்மையும் சாய்ந்த வெளிச்சமும்.

இடத்தை மறைப்பு பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பனையோலை வேலி, உடைமர வரிசை, சீமைக்கருவேலப் புதர், கண்மாய்க் கரையின் உள்சரிவு, ஊரணிப் படித்துறை ஓரம், இவற்றில் காற்றுக்கு மறுபக்கம் போய்க் குந்துங்கள். வேலி உயரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு தூரம் வரை நல்ல மறைப்பு கிடைக்கும். தனுஷ்கோடியைத் தாண்டித் திறந்துகிடக்கும் அரிச்சல்முனைக்குக் கடல் பார்க்கப் போங்கள், மேக்ரோ லென்ஸை (நெருங்கிப் பெரிதாக எடுக்கும் லென்ஸ்) எடுத்துப்போக வேண்டாம். தங்கச்சிமடம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கத்துத் தென்னந்தோப்பு வேலிகளும் சக்கரக்கோட்டைக் கண்மாய் ஓரமும் பத்து மடங்கு பலன் தரும். காரங்காட்டுச் சதுப்புக்காட்டுக்குப் போனால் படகில் உட்கார்ந்து எடுக்க முயலாதீர்கள். படகின் ஆட்டம் கேமராவின் எந்த ஆட்டத் தடுப்பு வசதிக்கும் அடங்காது. கரையிறங்கி உமரி படர்ந்த ஓரத்தில் ஊசித்தட்டான்களைத் தேடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. உச்சிப்புளியில் கடற்படை வானூர்தித் தளத்தின் வேலி ஓரம் எவ்வளவு நல்ல பூ பூத்திருந்தாலும் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள்.

எந்தச் செடியில் என்ன வரும்

அடப்பங்கொடியின் ஊதாப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். கொடி தரையோடு கிடப்பதால் காற்றில் குறைவாகவே ஆடும். ஆரம்பப் பயிற்சிக்கு எருக்கு. அதைத் தேடி வரும் கருவண்டு போன்ற பெரிய தச்சுத்தேனீ இரண்டு செ.மீ.க்கு மேல் இருக்கும், ஒரே கொத்தைச் சுற்றிச் சுற்றி வரும், ஃபோகஸ் பழக ஏற்றது. தும்பையில் நீலவரித் தேனீ. வெட்டுக்காயப்பூண்டில் சிறிய நீலப் பட்டாம்பூச்சிகளும் ஊசிமூக்கோடு பறக்கும் வண்டு ஈக்களும். கண்மாய் ஈரத்தில் படரும் பொடுதலையில் மிதக்கும் ஈக்கள். உகாய் மரம் நிற்கும் இடமென்றால் அதன் இலையில் முட்டையிட வரும் சால்மன் நிறப் பட்டாம்பூச்சி கிடைக்கும். அது வேகமாகப் பறந்தாலும் அதே மரத்துக்குத் திரும்பி வரும்.

உருப்பெருக்கத்தைக் குறைத்தாலே பாதிக் கூர்மை

மேக்ரோ லென்ஸ் வாங்கிய எல்லோரும் முதலில் செய்வது 1:1-க்குத் திருகிவிட்டுப் பறக்கிற பூச்சியைத் துரத்துவது. அதை விடுங்கள். எஃப்/11-இல் ஏபிஎஸ்-சி சென்சாருக்கு ஆழம் இப்படி மாறும்: 2:1-இல் 0.3 மி.மீ., 1:1-இல் 0.9, 1:2-இல் 2.6, 1:3-இல் 5.3. இதைவிடப் பெரிய முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம்) சென்சாரில் இவை ஒன்றரை மடங்கு.

1:2-இல் ஃப்ரேமின் அகலத்தில் 47 மி.மீ. அடங்கும். 10 மி.மீ. தேனீ அதில் சிறியதாகத் தெரியும். ஆனால் 24 மெகாபிக்சல் கேமராவில் அதன் உடல் மட்டும் ஏறக்குறைய 1,275 பிக்சல் நீளம் வரும். கைப்பேசித் திரையை நிரப்பவும் சிறு அளவில் அச்சிடவும் அது போதும். வெட்டிப் பெரிதாக்கினால் ஆழத்தின் லாபம் கொஞ்சம் கரையும் என்பது உண்மை. 1:2-இல் எடுத்ததை 1:1 அளவுக்கு வெட்டினால் 2.6 என்பது 1.3 ஆகிவிடும். அப்போதும் 0.9-ஐ விட மேல்தான். அதைவிட, பூச்சி ஃப்ரேமுக்குள் இருந்ததே பெரிய லாபம்.

பறப்பதற்கு 1:3 முதல் 1:2, பூவில் உட்கார்ந்து தேன் குடிப்பதற்கு 1:2 முதல் 1:1, தூங்குவதற்கு மட்டும் 1:1-க்கு மேல். இந்த வரிசையில் பழகுங்கள்.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, இன்னும் மூடி எஃப்/22-க்குப் போனால் என்ன? நெருங்கி எடுக்கும்போது லென்ஸின் உண்மையான எஃப் எண் கூடிவிடுகிறது. 1:1-இல் எஃப்/11 என்பது ஏறத்தாழ எஃப்/22 போல் நடக்கும், எஃப்/22 என்பது எஃப்/44 ஆகும். அவ்வளவு சிறு துளையில் ஒளி சிதறி, பூச்சியின் கூட்டுக்கண்ணில் உள்ள சிறு அறைகள் எல்லாம் மெழுகு பூசியது போல் மழுங்கும். ஏபிஎஸ்-சியில் எஃப்/8 முதல் 11, முழுச்சட்டத்தில் எஃப்/11 முதல் 14, அதோடு நிறுத்துங்கள். நிக்கான் கேமராவும் நிக்கான் மேக்ரோ லென்ஸும் வைத்திருப்பவர்களுக்கு நெருங்க நெருங்கத் திரையில் எஃப் எண் தானே ஏறும். அது கூடிய எண்ணையே காட்டுகிறது. 1:1-இல் 18, 20 என்று தெரிந்தால் அது மற்றவர்களின் 11.

லென்ஸ்

90 முதல் 105 மி.மீ. மேக்ரோ எதுவானாலும் சரி. 1:1-இல் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் நடுவே 13 முதல் 15 செ.மீ. கிடைக்கும், 1:2-இல் 22 முதல் 25. 50, 60 மி.மீ. மேக்ரோக்கள் பறக்கும் பூச்சிக்கு நெருக்கம். லென்ஸின் நிழலே பூவில் விழுந்துவிடும்.

செலவு குறைய வேண்டுமென்றால் கையில் இருக்கும் 55-250 அல்லது 70-300 ஜூமின் முன்னால் ரேனாக்ஸ் நிறுவனத்தின் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள். டிசிஆர்-250-இன் திறன் 8 டயாப்டர், டிசிஆர்-150-இன் திறன் 4.8. ஜூமை முடிவிலிக்கு ஃபோகஸ் செய்து வைத்தால் கணக்கு எளிது: ஜூமின் குவியத் தூரத்தை டிசிஆர்-250-க்கு 125-ஆலும் டிசிஆர்-150-க்கு 208-ஆலும் வகுத்தால் உருப்பெருக்கம். டிசிஆர்-150-ஐ மாட்டி ஜூமை 105 மி.மீ.யில் வைத்தால் ஏறத்தாழ 1:2. இந்த வேலைக்கு 150-தான் தோது. 250-இல் பூச்சிக்கு ஏறத்தாழ 11 செ.மீ. வரை போக வேண்டும், பறப்பது அதற்குள் போய்விடும். ஆட்டோஃபோகஸை இரண்டிலும் அணைத்துவிடுங்கள்.

ஒரே ஒரு வெளிச்சம்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. வெயிலையும் ஃப்ளாஷையும் சரிக்குச் சரி கலந்தால் படம் கெடும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/200 விநாடி என்பது சாதாரணப் படத்துக்குச் சரியான வெளிச்சம். 1:2-க்கு நெருங்கும்போது ஒன்றேகால் ஸ்டாப் குறைகிறது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). அப்படியானால் ஃப்ளாஷ் எரியாமலேயே வெயில் மட்டும் ஒரு ஸ்டாப் மங்கலான ஒரு படத்தை முழு 1/200 விநாடியும் பதித்துக்கொண்டிருக்கிறது. ஃப்ளாஷ் அதன்மேல் இன்னொரு கூர்மையான படத்தைப் பதிக்கிறது. இரண்டுக்கும் நடுவே தேனீ நகர்ந்திருக்கும். விளைவு: கூர்மையான விளிம்புக்குப் பக்கத்திலேயே பேய் போல் இன்னொரு விளிம்பு. இதைப் பார்த்து "ஃபோகஸ் தவறிவிட்டது" என்று நினைத்து ஃபோகஸையே திருத்திக்கொண்டிருந்தால் நாள் முழுக்கத் திருத்தலாம்.

ஆகவே இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

வெயில் மட்டும் போதும் என்றால்: எஃப்/8, ஐஎஸ்ஓ 1600, 1/2000 விநாடி அல்லது அதைவிட வேகம். எட்டு மணி வெயிலுக்கு இது சரிப்படும். முதுகுக்குப் பின்னால் சூரியன் இருந்தாலும் உங்கள் நிழல் பூவுக்கு ஒரு சாண் தள்ளி விழ வேண்டும். உடல் கூர்மையாக வரும், இறக்கை கலங்கும். தேனீயின் இறக்கை விநாடிக்குச் சுமார் 230 முறை அடிக்கிறது, அதன் நுனி விநாடிக்கு 7 மீட்டர் கணக்கில் போகிறது. 1/2000-இல் அது மூன்றரை மி.மீ. நகர்ந்துவிடும். அந்தக் கலங்கலை நாம் குறையாக எண்ணுவதில்லை. பறக்கிறது என்று காட்டுவது அதுதான்.

இறக்கையின் நரம்பும் தெரிய வேண்டும் என்றால் ஃப்ளாஷ் மட்டும். இங்கே படத்தை உறைய வைப்பது ஷட்டர் அல்ல, ஃப்ளாஷ் எரியும் நேரம். பவரைக் குறைத்தால் அந்த நேரமும் சுருங்கும். நிக்கான் எஸ்பி-800 ஃப்ளாஷை எடுத்துக்கொண்டால் முழுப் பவரில் 1/1050 விநாடி, 1/16 பவரில் 1/10,900, 1/128 பவரில் 1/41,600. மற்ற ஸ்பீட்லைட்டுகளும் இந்தப் போக்கில்தான் இருக்கும். 1/16-இல் தேனீயின் இறக்கை நுனி 0.6 மி.மீ. நகரும், 1/64-க்குக் கீழே நரம்பு பிரிந்து தெரியத் தொடங்கும்.

தொடக்க அமைப்பு இது: மேனுவல் மோட், 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஃப்ளாஷ் மேனுவலில் 1/16. முதலில் ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்டக் கருப்பாக வர வேண்டும். பூ தெளிவாகத் தெரிந்தால் வெயில் அதிகம், இடம் மாறுங்கள் அல்லது நிழல் போடுங்கள். நிழலுக்குக் கறுப்புக் குடையே போதும். ஆனால் பூச்சி வருமுன் நிழல் அங்கே விழுந்திருக்க வேண்டும், வந்தபின் குடையை நகர்த்தினால் பறந்துவிடும். நிழலில் வெளிச்சம் மூன்று ஸ்டாப் வரை இறங்குவதால், பேய் விளிம்பு காணாமல் போகும். அந்தி நேரத்தில் இன்னொரு வசதி: ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றிப் பவரை 1/64-க்கு இறக்கலாம். வெயிலில் அதே ஏற்றம் பேயைத் திரும்ப அழைத்துவிடும்.

ஃப்ளாஷின் பவரைக் கேமராவே அளந்து முடிவு செய்யும் டிடிஎல் வேண்டாம். அது எரியுமுன் ஒரு முன்மின்னல் விடும். நீண்டகால் பச்சை ஈ போன்றவை அதைப் பார்த்தே துள்ளிவிடும், படத்தில் வெறும் இலை இருக்கும். கருப்புத் தேனீ ஒரு வெளிச்சம், வெள்ளைப் பூ ஒரு வெளிச்சம் என்று டிடிஎல் தடுமாறவும் செய்யும். உருப்பெருக்கம் மாறாதவரை தூரமும் மாறாது, எனவே மேனுவலில் ஒருமுறை வைத்தால் காலை முழுக்க அதே பவர். வேகமான ஷட்டரோடு ஃப்ளாஷ் எரிக்கும் ஹை ஸ்பீட் சிங்க்கும் வேண்டாம். அது ஒரே மின்னலாக எரியாமல் தொடர் துடிப்பாக எரிவதால் உறைய வைக்கும் குணம் போய்விடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃப்ளாஷ் பெரும்பாலும் எரியாது, வெயிலில் எடுத்தாலும் இறக்கை ரப்பர் போல் வளைந்து பதியும். மெக்கானிக்கல் ஷட்டரில் வையுங்கள்.

டிஃப்யூசர் வீட்டில் செய்யலாம். பொருட்களைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோம் தாள், பட்டர் பேப்பர், பழைய இட்லித் துணி, எதுவும் ஆகும். ஃப்ளாஷ் தலைக்கும் தாளுக்கும் 8 முதல் 10 செ.மீ. இடைவெளி விட்டால்தான் ஒளி தாள் முழுக்கப் பரவும். ஒட்டிவைத்தால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு எரிந்து, தச்சுத்தேனீயின் முதுகில் அதே பொட்டு பளிச்சென்று தெரியும். தாளின் கீழ் விளிம்பு லென்ஸின் முனை வரை வந்து சற்று உள்வளைந்திருக்கட்டும். 25 செ.மீ. அகலம் வைத்தால் வெளிச்சம் அருமை, ஆனால் நம் காற்றில் அது பாய்மரம் ஆகிவிடும். 18 செ.மீ.யோடு நிறுத்துங்கள். கீழிருந்து வரும் வெளிச்சத்துக்கு வெளிர் மணலே போதும். தரையோடு கிடக்கும் அடப்பங்கொடியில் பூச்சியின் வயிற்றுப் பகுதி தானே தெளியும்.

கையும் காலும்

ஃபோகஸ் வளையத்தை ஒரு உருப்பெருக்கத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். இனி ஃபோகஸ் செய்வது உங்கள் உடல். வியூஃபைண்டரில் பாருங்கள். பின் திரையைப் பார்த்து நீட்டிய கையில் எடுத்தால் ஆட்டம் இரட்டிப்பாகும், வெயிலில் திரையும் தெரியாது.

உட்காருமுன் கம்பால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இந்த மணல்காட்டில் சுருட்டை விரியன் உண்டு. பிறகு மடித்த சாக்கு ஒன்றை முழங்காலுக்குக் கீழே போடுங்கள். நெருஞ்சியும் கருவேல முள்ளும் குத்தும்போது யாராலும் கையை அசைக்காமல் வைத்திருக்க முடியாது. வலது முழங்கால் தரையில், இடது முழங்கால் மேலே, இடது முழங்கை அந்த முழங்காலுக்குச் சற்று முன்னே தொடையில். எலும்பின்மேல் எலும்பை வைத்தால் வழுக்கும்.

இனி முக்கியமான பிடி. வெட்டுக்காயப்பூண்டின் காம்பைப் பூவுக்கு ஒரு விரல் நீளம் கீழே, இடது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடியுங்கள். நசுக்காமல், பென்சில் பிடிப்பது போல. லென்ஸின் முனையை அதே கையின் மணிக்கட்டுப் பக்கம் உள்ளங்கையில் வையுங்கள். விரல்நுனியில் இருந்து மணிக்கட்டு வரை ஒரு ஆளுக்கு 17, 18 செ.மீ. இருக்கும், அது 1:1-இன் வேலைத் தூரத்துக்குப் பொருந்துகிறது. 1:2-க்கு லென்ஸை இன்னும் பின்னுக்குத் தள்ளி முன்கையில் சாய்க்க வேண்டும். இப்போது காற்றடித்தால் பூ, கை, கேமரா மூன்றும் சேர்ந்தே ஆடும். ஒன்றுக்கொன்று உள்ள தூரம் மாறாது. ஃபோகஸை முன்பின் நகர்த்த லென்ஸை உள்ளங்கையில் ஓரிரு மி.மீ. வழுக்கினால் போதும். முக்காலியால் செய்ய முடியாத வேலை இது. முக்காலி கேமராவை மட்டும் நிறுத்துகிறது, பூவை அல்ல.

காம்பைப் பிடித்த கையோடு அசையாமல் இருங்கள். இரண்டொரு நிமிடத்தில் தேனீ கையைச் செடியின் பகுதியாக ஏற்றுக்கொண்டதுபோல் வந்து உட்காரும்.

பிடிக்கக் காம்பு இல்லாத எருக்கம் புதர், உயரமான கிளை, இவற்றுக்கு ஐந்தடிச் சவுக்குக் கம்பு. இடது கையால் கம்பையும் லென்ஸையும் சேர்த்துப் பிடித்து, கம்பை ஊன்றியபடி உடலைச் சாய்த்து ஃபோகஸ் செய்யுங்கள். மணலில் கம்பு இறங்கிக்கொண்டே போகும், அதனால் அடியில் பழைய ரப்பர் செருப்புத் துண்டு ஒன்றை ஆணியடித்துக்கொள்ளுங்கள்.

அமுக்கும் நேரம் தனிக்கலை. பூச்சியின் கண் கூர்மையாவதைப் பார்த்துவிட்டு விரல் ஷட்டரை அமுக்குவதற்கு 0.2 விநாடி ஆகும். உடல் விநாடிக்கு ஒரு செ.மீ. முன்னே போனாலும் அதற்குள் 2 மி.மீ. தாண்டிவிடும், ஃபோகஸ் கண்ணைக் கடந்து நெஞ்சின் மயிரில் நிற்கும். கூர்மை வரப்போகிறது என்று தெரியும்போதே அமுக்கிவிடுங்கள். வெயிலில் எடுக்கிறவர்கள் விநாடிக்கு 10 படம் வைத்து, அதே மெதுவான வேகத்தில் முன்னே சாய்ந்துகொண்டே எடுக்கலாம். படத்துக்குப் படம் ஒரு மி.மீ. இடைவெளி. 1:2-இன் 2.6 மி.மீ. ஆழத்தில் இரண்டு மூன்று படமாவது கண்ணில் விழும். 1:1-இல் ஆழம் 0.9 என்பதால் இரண்டு படத்துக்கு நடுவே கண் நழுவ வாய்ப்புண்டு. அங்கே இன்னும் மெதுவாகச் சாய வேண்டும். ஃப்ளாஷில் இரண்டு மூன்று படத்துக்கு மேல் தொடர்ந்து அமுக்காதீர்கள். பாட்டரி ஈடுகொடுக்காமல் நான்காவது கருப்பாக வரும்.

பறக்கும்போதே எடுக்க

துரத்துவதில் பயனில்லை, வரும் இடத்தில் காத்திருங்கள். நீலவரித் தேனீ தும்பைக் கொத்தில் ஒரு ஒழுங்காகப் பூப் பூவாகப் போகும். அது இருக்கும் பூவை விட்டு இரண்டு பூ தள்ளி ஃபோகஸ் வைத்திருங்கள். மிதக்கும் ஈ விரட்டினாலும் அதே அந்தரத்துக்குத் திரும்பும். அது நின்ற இடத்துக்குப் பின்னே ஒரு இலைநுனியை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சிகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே பூவில் இறங்கும். காற்றுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்தால் அவற்றின் முகம் உங்களைப் பார்த்து வரும், உங்கள் உடலும் பூவுக்கு மறைப்பாகும். பக்கவாட்டுத் தோற்றம் வேண்டுமென்றால் காற்று உங்கள் தோளில் படும்படி திரும்புங்கள். பக்கவாட்டுப் படத்தில் உடல் முழுதும் ஒரே தளத்தில் விழுவதால் கூர்மை எளிது. நெருங்கும்போது இடம் வலம் அசைவது கூட்டுக்கண்ணுக்கு உடனே தெரியும். தாழ்ந்து, நேர்க்கோட்டில், மெதுவாக வாருங்கள்.

வடகிழக்குப் பருவத்தில் கூட்டமாக வரும் மஞ்சள் தட்டான்கள் மார்பளவு உயரத்தில் வட்டமிடும். 1:4-இல் அவற்றைப் பின்தொடர்ந்து பழகுவது கைக்கு நல்ல பயிற்சி. சோனி ஏ7ஆர் 5, ஏ6700 போன்ற கேமராக்களில் பூச்சியை அடையாளம் காணும் ஆட்டோஃபோகஸ் அந்த அளவுக்கு உதவும். 1:2-க்கு மேல் உடலையே நம்புங்கள். பறக்கும் படங்களில் நூற்றுக்கு ஐந்து தேறினால் நல்ல காலை.

இன்னும் நெருங்க ஆசை என்றால் தூங்கும் தேனீயைத் தேடுங்கள். நீலவரித் தேனீயின் ஆண்கள் கூட்டுக்குப் போவதில்லை. அந்தியில் காய்ந்த குச்சி ஒன்றில் வரிசையாக வந்து, தாடையால் குச்சியைக் கவ்விக்கொண்டு தொங்கியபடி இரவைக் கழிக்கும். பொழுது இறங்கும்போது அந்தக் குச்சியைப் பார்த்துவைத்து, மறுநாள் விடிகாலையில் வெயில் ஏறுமுன் போனால் 1:1-க்கு மேலும் போகலாம். குச்சியைத் தொட்டுப் பிடிக்கும்போது மட்டும் அதிராமல் பிடியுங்கள். மூச்சை அரைவாசி விட்டு நிறுத்தி, ஃபோகஸைக் கண்ணில் இருந்து பின்னோக்கிச் சிறிது சிறிதாக நகர்த்தி மூன்று நான்கு படம் எடுத்தால் கணினியில் அவற்றின் கூர்மையான பகுதிகளைச் சேர்த்து ஒரே படமாக அடுக்கலாம்.

படத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க

நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிக் கண்ணின் அறைகளைப் பாருங்கள். கண் மழுங்கி, உடலில் வேறெங்காவது ஒரு மயிர் கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் இடம் தவறியது, அமுக்கும் நேரத்தைத் திருத்துங்கள். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை அல்லது காம்பு. கூர்மையான விளிம்புக்குப் பக்கத்தில் மங்கலான இரட்டை இருந்தால் வெயில் கலந்தது. எங்கும் கூர்மையே இல்லாமல், இழுவையும் இல்லாமல், ஒரே சீராக மழுங்கியிருந்தால் எஃப் எண்ணைப் பாருங்கள். அது 11-க்குள் இருந்தால் லென்ஸின் முகத்தைப் பாருங்கள், உப்புப் படலம் படிந்திருக்கும். பின்னணி கருப்பாகிவிட்டால் ஃப்ளாஷ் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஒரு சாணுக்குள் இலையோ மணலோ பின்னே வரும்படி கோணத்தை மாற்றுங்கள்.

உப்பைத் துடைக்கும்போது உலர்துணியை நேராகத் தேய்க்காதீர்கள், உப்புத்துகளும் மணலும் கண்ணாடியைக் கீறும். ஊதுகுழலால் ஊதி, பிரஷ்ஷால் தட்டி, துணியை லென்ஸ் கிளீனர் திரவத்தில் லேசாக நனைத்து நடுவில் இருந்து வட்டமாகத் துடையுங்கள். கேமரா உடலையும் சவுக்குக் கம்பின் ஆணியையும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் அன்றே துடைத்துவிட வேண்டும். கடற்கரையில் லென்ஸைக் கழற்றவே கூடாது. ஏசி அறையில் இருந்தோ ஏசி பஸ்ஸில் இருந்தோ நேராக வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்து விடிகாலையின் முதல் அரைமணி வீணாகும். அதனால் கிளம்புமுன் இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வெளிக்காற்றின் சூட்டுக்கு வரும்வரை அரைமணி நேரம் பையோடு விட்டுவைத்த பிறகே திறக்க வேண்டும்.